குரலும் கொடையும்

ஒருவனுடைய துன்பத்தை, அவனுடைய நன்மையைக் கருதியே, இன்னொருவன் மூன்றாமவன் ஒருவனிடம் எடுத்துரைத்துப் பொருள் கேட்கிறான். பொருளும் கிடைக்கிறது; அது துன்பப்பட்டவனையே சென்றடையவும் செய்கிறது. இதிலே எவருக்கேனும் அநீதி இழைக்கப்பட்டதா? மேலோட்டமாக நோக்குவோர் இல்லையென்றே விடை பகர்வர். களவு நடக்கவில்லை, பொய் சொல்லப்படவில்லை, கேட்டது கிடைத்திருக்கிறது. எனினும் இவ்வினாவை அத்துணை எளிதில் தீர்த்துவிட முடியாதென்பதே எமது எண்ணம். பொதுப்படப் பேசினால் இத்தகைய வினாக்கள் காற்றிற் கரைந்துவிடும். ஆதலால் ஒரு குறிப்பிட்ட தொழிலை முன்னிறுத்தி இதனை ஆராய விரும்புகிறோம்.

ஐக்கிய அமெரிக்காவின் பெருநகரங்களில், ஹிப்ஹொப் கலையையும் அதனோடு உறவுடைய மேடைக் கவிதையையும் இளைஞருக்குப் பயிற்றும் இலாபநோக்கற்ற நிறுவனங்கள் பல இயங்கி வருகின்றன. சன்பிரான்சிஸ்கோவில் 1996 இல் தோன்றிய 'யூத் ஸ்பீக்ஸ்', ஓக்லாந்தின் 'பீற்ஸ் றைம்ஸ் அன்ட் லைஃப்', வாஷிங்டனின் 'வேர்ட்ஸ் பீற்ஸ் அன்ட் லைஃப்' என்பன அவற்றுட் சில. பாடசாலை விட்டபின் வரும் பிள்ளைகள் அங்கே ராப் எழுதுகின்றனர், இசைத்தட்டுச் சுழற்றப் பழகுகின்றனர், ஆடுகின்றனர், சுவரிலே வண்ணந் தீட்டுகின்றனர். இத்தகைய நிறுவனமொன்றிலே தொடர்பாடல் அலுவலர் என ஒருவர் இருப்பார். அவருடைய வேலை எழுதுவது. கொடையாளருக்குக் கடிதம் எழுதுவார், ஆண்டறிக்கை தயாரிப்பார், நூறு புகைப்படங்களிலிருந்து ஒன்றைத் தெரிவார், மானிய விண்ணப்பத்துக்கு வேண்டிய 'கதை'யை ஏதாவதொரு பிள்ளையிடம் கேட்டுப் பெறுவார். நிறுவனம் சிறியதாயின் நாற்காலி அடுக்குவதும் அவர் தலையிலேயே விழும். அவர் எழுதும் வார்த்தைகளே மின்கட்டணமாகவும் ஆசிரியர் வேதனமாகவும் மாறுகின்றன. ஆகவே இத்தொழிலை ஏளனஞ் செய்வது எமது நோக்கமன்று.

இதன் சிக்கலை விளங்கிக்கொள்ள அக்கலை பிறந்த சூழலை அறிதல் வேண்டும். நியூயோர்க் நகரின் வடபாகமாகிய பிரொங்ஸின் நடுவே, 1948 இல் தொடங்கி, ரொபேட் மோசஸ் என்னும் அதிகாரி பெரு நெடுஞ்சாலையொன்றை வெட்டுவித்தார். ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். தொழிற்சாலைகள் வெளியேறின, வங்கிகள் கடன் மறுத்தன, கட்டடச் சொந்தக்காரர் சிலர் காப்புறுதிப் பணத்துக்காகத் தம் கட்டடங்களையே கொளுத்துவித்தனர், நகர நிர்வாகமோ தீயணைப்பு நிலையங்களை மூடியது. 1970 க்கும் 1980 க்கும் இடையில், பிரொங்ஸின் 289 குடிக்கணக்குப் பிரிவுகளில் 44 பிரிவுகள் தம் கட்டடங்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றை நெருப்புக்கும் கைவிடலுக்கும் பறிகொடுத்தன. 1976 இல் நகரின் வீடமைப்பு நிர்வாகியாக இருந்த ரொஜர் ஸ்டார் 'திட்டமிட்ட சுருக்கம்' என்னும் கொள்கையை வெளிப்படையாகவே முன்வைத்தார். வறியோர் வாழும் பகுதிகளுக்கான சேவைகளைக் குறைத்துவிட்டால் மக்கள் தாமாகவே போய்விடுவர் என்பது அதன் சாரம்.

இந்த இடிபாடுகளுக்கு நடுவே, 1973 ஆம் ஆண்டு ஒகஸ்ட் 11 ஆம் திகதி, செட்ஜ்விக் அவெனியூ 1520 ஆம் இலக்க மாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஒரு களியாட்டம் நிகழ்ந்தது. இசைத்தட்டுச் சுழற்றியவர் ஜமெய்க்காவிற் பிறந்த கிளைவ் கம்பல்; கூல் ஹேர்க் எனப் பின்னர் உலகறிந்தவர். ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி. புதிய பாடசாலைத் தவணைக்கு உடுப்பு வாங்க அவருக்குப் பணம் தேவைப்பட்டது. சிறிய அட்டைகளிற் கையால் எழுதி அழைப்பு விடுத்தார். பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். ஹிப்ஹொப்பின் பிறந்தநாள் என்று இன்று கொண்டாடப்படும் அந்த இரவைப் பற்றி எழுதுவோர் ஹேர்க்கின் ஒலிபெருக்கிகளையே போற்றுகின்றனர். நாம் அந்த அட்டைகளை நோக்குகிறோம். ஹிப்ஹொப்பின் முதலாவது தொடர்பாடல் அலுவலர் சிண்டி கம்பல் என்றால் மிகையாகாது. அவரும் பணந் திரட்டவே எழுதினார். ஆனால் தம்மையொத்த அயற்பிள்ளைகளுக்கு எழுதினார். தம்முடைய வறுமையைக் காட்டி இரக்கங் கோரும் தேவை அவருக்கு ஏற்படவில்லை. ஓர் இரவின் ஆட்டத்துக்கு 25 சதம் தகும் என்று அவர் கருதினார். வந்தவர்களும் அவ்வாறே கருதினர்.

அந்த மரபு அவருடன் முடியவில்லை. 1970 களின் இறுதியிலிருந்து பிரொங்ஸின் களியாட்டங்களுக்குத் துண்டுப்பிரசுரம் வரைந்த பட்டி எஸ்குவயர் என்னும் இளைஞர், நூலகத்துப் புத்தகங்களைப் பார்த்துத் தாமாகவே எழுத்துக்கலை பயின்றவர். ஒட்டெழுத்துக்களை வெட்டி, படங்களைப் பொருத்தி, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிச் சினிமாக் கொட்டகைகளின் அலங்காரத்தை நினைவூட்டும் ஒரு பாணியை அவர் வகுத்தார். எரிந்த கட்டடத்துக்கு அடுத்த மண்டபத்தில் நடக்கும் ஆட்டமாயினும் அவருடைய தாளிலே அது ஓர் அரண்மனை விழாவாகவே தோன்றும். அத்தாள்கள் பல இன்று கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 2007 இல் நிறுவப்பட்ட ஹிப்ஹொப் சேகரத்திற் பேணப்படுகின்றன. அக்காலத்து இளைஞர் தம்மை எவ்வாறு காண விரும்பினர் என்பதற்கு அவற்றினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

இன்னொன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். ஹிப்ஹொப் தனக்குத்தானே பெயரிட்டுக்கொள்ளும் கலை. 1971 ஜூலையில் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகை 'டாக்கி 183' என்ற பெயரை நகரெங்கும் எழுதிவந்த ஓர் இளைஞனைப் பற்றி எழுதியது. டாக்கி என்பது அவனுடைய செல்லப் பெயர்; 183 அவனுடைய தெருவின் இலக்கம். அவனைப் பின்பற்றிப் பல்லாயிரம் பேர் எழுதினர். நகரசபை அதனைச் சுவர் நாசம் என்றது. அது முற்றிலும் தவறென்று நாமும் வாதாடப் போவதில்லை. ஆனால் வாடகைச் சீட்டிலும் பொலிஸ் பதிவேட்டிலும் மாத்திரமே தன் பெயரைக் காணும் ஒருவன், தான் தெரிந்த பெயரைத் தான் தெரிந்த எழுத்தில் எழுதுவது சிறிய காரியமன்று. ஆட்டக்காரனும் பாடகனும் இசைத்தட்டுச் சுழற்றுவோனும் அனைவரும் அவ்வாறே தமக்குப் பெயர் சூடினர்.

இனி, அத்தகைய பிள்ளையொருவனுக்குத் தொடர்பாடல் அலுவலர் மானிய விண்ணப்பத்தில் என்ன பெயர் சூட்டுகிறார் என்று பார்ப்போம். நெடுங்காலமாக வழங்கிய பெயர் 'ஆபத்திலுள்ள இளைஞன்'. அமெரிக்கக் கல்வியின் வீழ்ச்சியைப் பற்றி 'ஆபத்தில் ஒரு தேசம்' என்னும் அரசாங்க அறிக்கை 1983 இல் வெளிவந்தது. தேசத்தைக் குறித்த அந்தச் சொல் அதன்பின் பரவிப் பரவி வறிய வீட்டுப் பிள்ளைகளின் நெற்றியில் வந்து ஒட்டிக்கொண்டது. பிள்ளையை ஆபத்திலுள்ளவன் என்று கூறும்போது ஆபத்தை விளைவித்தவர் யார் என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. நெடுஞ்சாலை வெட்டியவரும், கடன் மறுத்த வங்கியும், தீயணைப்பு நிலையத்தை மூடிய நகர நிர்வாகமும் வாக்கியத்திலிருந்து வெளியேறி விடுகின்றனர். பிள்ளை மட்டும் எஞ்சி நிற்கிறான். ஆபத்து அவனுக்கு ஏற்பட்டதா, அவனே ஆபத்தா என்பதும் தெளிவில்லை. கொடையாளரின் மனத்தில் இரண்டும் ஒருங்கே எழுவதாற்றான் காசோலை விரைவிற் கையெழுத்தாகிறதோ என்னவோ.

இதற்கு எதிர்ப்பு அப்பகுதி மக்களிடமிருந்தே முன்பு எழுந்திருக்கிறது. 1980 இல் 'ஃபோர்ட் அப்பாச்சி, த பிரொங்ஸ்' என்னும் திரைப்படத்தை அங்கே படமாக்கியபோது, கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் ஒரு குழு அமைத்துப் போராடினர். தம்மைக் கொலைஞராகவும் போதைக்கு அடிமைப்பட்டோராகவும் மாத்திரமே அப்படம் காட்டுகிறது என்பது அவர்கள் முறைப்பாடு. படம் 1981 இல் வெளியாயிற்று. அதன்பின் 1983 இல் நகர நிர்வாகம் செய்த காரியம் இன்னும் விசித்திரமானது. நெடுஞ்சாலையிற் செல்வோர் கண்ணிற் படும் பாழடைந்த கட்டடங்களின் சாளரங்களை மூடி, அவற்றின்மீது திரைச்சீலையும் பூந்தொட்டியும் வரைந்த ஒட்டுத்தாள்களை ஒட்டினார்கள். உள்ளே மனிதர் இல்லை. வெளியே பூந்தொட்டி மலர்ந்திருந்தது. இதனைக் கற்பனையென்று எண்ணவேண்டாம். நகர நிர்வாகம் வெளிப்படையாகவே அறிவித்து நடத்திய திட்டம் இது.

இவ்விரண்டையும் நாம் நீள எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இன்றைய தொடர்பாடல் அலுவலர்களுக்கு வழங்கப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் இவ்விரண்டு துருவங்களுக்கு இடையிலேயே ஊசலாடுகின்றன. அவலத்தைக் காட்டு, கண்ணீர் வரும், கொடை வரும் என்றது பழைய அறிவுரை. குறைகளைச் சொல்லாதே, திறமைகளைச் சொல் என்பது புதிய அறிவுரை. புதியது மேலானது என்பதை மறுக்க மாட்டோம். பிள்ளையின் ஆசையிலிருந்து பேச்சைத் தொடங்குவது அவனுடைய குற்றப் பதிவிலிருந்து தொடங்குவதிலும் மரியாதையானது. ஆனால் 2019 இல் கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றம் செய்ததைக் கவனியுங்கள். கல்விச் சட்டத்திலும் தண்டனைச் சட்டத்திலும் உள்ள 'ஆபத்திலுள்ள இளைஞர்' என்ற தொடரை நீக்கி, 'நம்பிக்கை தரும் இளைஞர்' என்ற பொருளுடைய தொடரைப் புகுத்தியது. 2020 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. சொல்லை மாற்றியவர்களின் நல்லெண்ணத்தில் எமக்கு ஐயமில்லை. என்றாலும் தண்டனைச் சட்டத்தின் பக்கத்தில் இருந்துகொண்டே ஒருவன் நம்பிக்கை தருபவனாகிவிட்டான் என்று படிக்கும்போது அந்தப் பூந்தொட்டிகள் நினைவுக்கு வராமற் போவதில்லை.

இரண்டு அறிவுரைகளும் பிள்ளையை எப்படிக் காட்டுவது என்றே விவாதிக்கின்றன. காட்டுவதற்கு எமக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்று இரண்டும் கேட்பதில்லை. கேட்டால் விடை வேறெங்கும் தேடவேண்டியதில்லை; ஹிப்ஹொப்பின் சட்டத்திலேயே அது இருக்கிறது. பிறனுடைய வரியை, அசைவை, எழுத்தைத் தனதாக்குவதை அக்கலையினர் 'கடித்தல்' என்பர். அதனிலும் பெரிய குற்றம் அவர்களிடத்தில் இல்லை. 1979 இல் வெளிவந்து ஹிப்ஹொப்பை உலகெங்கும் கொண்டுசென்ற 'ராப்பர்ஸ் டிலைட்' இசைத்தட்டில், பிக் பேங்க் ஹேங்க் பாடிய அடிகள் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்னும் பிரொங்ஸ் கவிஞனின் குறிப்புப் புத்தகத்திலிருந்து வந்தவை. காஸின் புனைபெயரை எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் இடத்தைக்கூட மாற்றாமல் ஹேங்க் அப்படியே பாடிவிட்டார். ஒருவனுடைய பெயரை மற்றொருவனின் வாய் உச்சரிக்க, புகழும் பணமும் வேறிடத்துக்குப் போயின. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இக்கதை அங்கே மறக்கப்படவில்லை.

இந்தச் சட்டத்தை மாணவருக்குக் கற்பிக்கும் நிறுவனம், தன் அலுவலகத்தில் அதனைக் கைக்கொள்கிறதா? பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி தன் தந்தை சிறைசென்றதைப் பற்றி ஒரு பாடல் எழுதுகிறாள் என்று கொள்வோம். பயிற்சியறையில் அவள் அதனைப் பாடும்போது கேட்பவர் அவளை அறிந்தவர். அவளுக்கு மறுமொழி கூறக்கூடியவர். தம் பாடலை அவளுக்குப் பாடிக் காட்டக் கடமைப்பட்டவர். அதே செய்தி ஆண்டறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், புன்னகைக்கும் படத்துக்குக் கீழே, 'எமது நிகழ்ச்சியில் சேருமுன்' என்று தொடங்கும் பந்தியாக மாறும்போது என்ன நிகழ்கிறது? செய்தி உண்மைதான். ஆனால் பாடலில் தந்தை ஒரு மனிதன். பந்தியில் அவன் நிறுவனத்தின் வெற்றியை அளக்கும் ஓர் அளவுகோல். அவளுடைய வாழ்க்கையின் தலைவி அவள் என்ற நிலை போய், நிறுவனம் தலைவியாகிறது. இதனையே நாம் கடித்தல் என்கிறோம்.

அவளும் அவள் தாயும் சம்மதக் கடிதத்தில் ஒப்பமிட்டார்களே என்று கேட்கலாம். எமது வாசகரிற் பலர் ஆசிரியர்கள். மாணவனிடம் ஒன்றைக் கேட்பவர் ஆசிரியராக இருக்கும்போது அவன் சொல்லும் 'ஆம்' என்பதன் பெறுமதி எவ்வளவு என்பதை அவர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. இலவசமாக ஒலிப்பதிவுக் கூடமும் மாலை உணவும் தரும் இடத்தில், மறுத்துவிட்டு மறுநாளும் அதே முகத்துடன் வருவது பதினைந்து வயதுக்கு எளிதன்று. அன்றியும், ஒப்பமிட்டவளுக்கு இருபத்தைந்து வயதாகும்போது வேலைக்கு நேர்முகம் காண்பவர் அந்தப் பந்தியைக் கணினியில் ஒரு நொடியிற் கண்டெடுப்பார். அன்றைய அவளுக்காக இன்றைய அவள் சம்மதிக்க முடியுமா? சட்டம் முடியும் என்கிறது. அறமும் அப்படியே சொல்லுமென்று எமக்குத் தோன்றவில்லை.

ஹிப்ஹொப்பே அவலத்தைப் பாடவில்லையா என்பது இதனிலும் வலிய ஆட்சேபம். 1982 இல் வந்த 'த மெசேஜ்' அதற்குச் சிறந்த உதாரணம். அதனைப் பதிவு செய்யுமாறு கேட்கப்பட்டபோது கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷின் குழுவினரிற் பெரும்பாலோர் விரும்பவில்லை என்பது பலர் அறியாத செய்தி. வாரமுழுதும் துன்பத்தைக் கண்டவன் ஆடவரும் இடத்திலும் அதையே கேட்க வேண்டுமா என்பது அவர்களது தயக்கம். அத்தயக்கத்தைத் தாண்டி அது பாடப்பட்டது. பாடியவர் தம் தெருவைத் தம் வாயாற் சொன்னார். அத்தெருவினரே முதலிற் கேட்டு, ஆம் இது எங்கள் தெருதான் என்றனர். அவலத்தைச் சொல்வதில் இழிவில்லை.

தன் வறுமையைத் தானே சொல்லும் கலைஞன் எமது இலக்கியத்துக்கும் புதியவன் அல்லன். சிறுபாணாற்றுப்படையிலே பரிசில் பெற்று மீளும் பாணன், தன் பழைய அடுக்களையை எதிரே வருவோனுக்கு விவரிக்கிறான். குட்டி ஈன்ற நாய் குரைக்கும் அந்த அடுக்களையில் உப்பில்லாமல் வெந்த கீரையை உண்ண, வீட்டார் முதலிற் கதவை அடைக்கின்றனர். பிறர் கண்ணிற் படுவதற்கு நாணம். புரவலனை நம்பி வாழ்ந்த அந்த மரபை இலட்சிய மரபென்று நாம் கொண்டாடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதவை அடைத்தவர்கள் அவ்வீட்டார். பின்னர் அதைத் திறந்து சொன்னவனும் அவ்வீட்டானே. கேட்டவன் இன்னொரு பாணன். ஆண்டறிக்கையிலோ கதவைத் திறப்பவர் வேறொருவர். எட்டிப் பார்ப்பவர் இன்னொருவர்.

எட்டிப் பார்ப்பவரைப் பற்றியும் பேசாமலிருக்க முடியாது. வரிவிலக்குப் பெற்ற அறநிலையங்கள் வேட்பாளர் எவரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாதென்ற விதி அமெரிக்க வரிச் சட்டத்தில் 1954 இல் நுழைந்தது. அது அரசின் கடிவாளம். கொடையாளரின் கடிவாளம் எழுதப்படாதது. ஆகையால் அதிக நீளமானது. 1936 இல் மோட்டார்ச் செல்வத்தில் தோன்றிய போர்ட் நிதியம், வெள்ளையரல்லாத பெண்கள் மீதான வன்முறையை எதிர்க்கும் 'இன்சைட்' அமைப்புக்கு 100,000 டொலர் மானியம் வழங்க முன்வந்து, 2004 இல் அதனைத் திரும்பப் பெற்றது. பலஸ்தீன விடுதலைக்கு ஆதரவாக அவ்வமைப்பு வெளியிட்டிருந்த அறிக்கையே காரணம். அது ஹிப்ஹொப் நிறுவனமன்று. ஆனாற் செய்தி எல்லா அலுவலகங்களையும் எட்டியது. ஓர் அறிக்கையின் விலை 100,000 டொலர் என்று தெரிந்தபின், எந்த அலுவலரின் பேனாவும் முன்போல ஓடாது.

2020 இல் மினியாபொலிஸில் ஜோர்ஜ் ஃபுளொயிட் பொலிஸாராற் கொல்லப்பட்டபின், நிதியங்களும் கம்பனிகளும் இன நீதியைப் பற்றிப் பேசும் சொற்களைத் தேடி வாங்கின. அலுவலர்களும் அச்சொற்களை எழுதினர். 2025 பெப்ரவரியில் காற்றுத் திசைமாறியது. 1965 இல் நிறுவப்பட்ட தேசியக் கலை நிதியம், பன்மைத்துவத்தையும் சமத்துவத்தையும் சார்ந்த நிகழ்ச்சிகள் குறித்து விண்ணப்பதாரரிடம் புதிய உறுதிமொழிகளைக் கேட்டது; அந்நிபந்தனைகள் சில நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டன. அவ்வாண்டு மே மாதத்தில் ஏற்கெனவே வழங்கிய மானியங்கள் பலவற்றையும் இரத்துச் செய்தது. ஐந்தாண்டுக்கு முன் பணம் தந்த சொற்களே பணத்தை விரட்டும் சொற்களாயின. பயிற்சியறையில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அதே பிள்ளைகள். அடுத்த அறையில் அவர்களைக் குறிக்கும் சொல் மாத்திரம் மாறிக்கொண்டிருந்தது.

இவற்றையெல்லாம் கண்டு, கொடை பெறுவதையே விட்டுவிடுங்கள் என்று கூறுவோரும் உளர். அவர்களிற் பலருக்கு வாடகை கட்டும் கவலை இல்லை. பிள்ளைகளுக்குக் கலை கற்பிக்கும் செலவைப் பொதுநிதி சுமக்கவேண்டும் என்பதே எமது நிலைப்பாடு; அது நடைபெறும்வரை கூடத்தின் கதவைப் பூட்டிவைக்கச் சொல்வதற்கு எமக்கு வாயில்லை. ஆனால் நாளைக்கே செய்யக்கூடியவை சில உள. பிள்ளையைப் பற்றி எழுதிய பந்தியை அச்சுக்குப் போகுமுன் அவனுக்கும் அவன் தோழருக்கும் முன்னால் உரத்து வாசிக்க வேண்டும். வாசிக்க நா எழாத பந்தியை அனுப்பக் கூடாது. அவன் தெரிந்த பெயராலேயே அவனைக் குறிக்க வேண்டும். அவனுடைய வரியோ படமோ பணந் திரட்டப் பயன்படின் அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். எந்த வயதில் வந்து கேட்டாலும், காரணம் வினவாமல், அதனை நீக்கிவிட வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னோடியும் உண்டு. கோல்ட் கிரஷ் பிரதர்ஸ் குழுவின் ஆரம்பகாலப் படங்களை எடுத்த ஜோ கொன்சோ வெளியிலிருந்து வந்த பத்திரிகைக்காரர் அல்லர். அவர்களோடு பிரொங்ஸில் வளர்ந்து ஒரே பாடசாலைக்குச் சென்றவர். அப்படங்களில் எவரும் ஆபத்திலுள்ளவராகத் தோன்றவில்லை. நம்பிக்கை தரவேண்டிய கடமையும் எவருக்கும் இருக்கவில்லை. வியர்வையோடு பாடிக்கொண்டிருக்கின்றனர்.

இவ்வாறு நடக்கும் நிறுவனத்துக்குக் கொடை குறையலாம். கண்ணீர்க் கதையில்லாத விண்ணப்பம் சில மேசைகளில் இரண்டாவது பக்கத்தைத் தாண்டாது. அந்த இழப்பைச் சுமப்பது யார் என்பதைப் பணிப்பாளர் சபை தன் கூட்டத்திலே எடுத்துப் பேசி, வரவுசெலவுத் திட்டத்தில் ஓர் இலக்கமாக எழுதிக்கொள்ள வேண்டும். அச்சபையில் அமர்ந்திருப்போரிற் பலர் கொடையாளராகவும் இருப்பர். அக்கூட்டத்தில் மாணவர் இருவர் வாக்குரிமையோடு இருந்தால் பேச்சு வேறுவிதமாக அமையும். அதைச் செய்யாமல், திங்கட்கிழமைக்குள் ஒரு கதை வேண்டும் என்று தொடர்பாடல் அலுவலருக்குக் கட்டளையிட்டுவிட்டு, மனச்சாட்சியை மாத்திரம் அவருடைய சொந்தப் பொறுப்பில் விடுவது எவ்வகையிலும் நியாயமன்று. அவரும் மாதச் சம்பளத்துக்கு உழைப்பவர். சில இடங்களில் அதே பயிற்சியறையிலிருந்து வந்தவர். பத்தாண்டுகளுக்கு முன் ஆண்டறிக்கையின் மூன்றாம் பக்கத்திற் புன்னகைத்தவர் அவராகவே இருக்கக்கூடும்.